நோயை அறிவதும் ஒரு கடமை



காயம் பட்டால் கண்ணுக்குத் தெரிகிறது. காய்ச்சல் வந்தால் கையால் தொட்டுப் பார்த்தே அறிந்து கொள்கிறோம். ஆனால் மாதக் கணக்கில் ஒருவர் "எனக்கு உடம்புக்கு முடியவில்லை" என்று சொல்லிக் கொண்டே இருப்பார். பார்ப்பவர் கண்ணுக்கோ அவர் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். கிளினிக்கில் காட்டினால் வலி மாத்திரை கிடைக்கும். வலி குறையும், மறுபடி வரும். நாளடைவில் அவருடைய பேச்சை வீட்டாரே நம்பாமற் போய்விடுகிறார்கள். இத்தகைய நிலைமையை உண்டாக்கும் வியாதிகளில் ஒரு வகுப்பைப் பற்றியும், அதை எவ்வாறு கண்டறிவது என்பதைப் பற்றியும் இம்மாதப் பாடத்தில் காண்போமாக.

முதலில் ஓர் உதாரணத்தை எண்ணிக் கொள்வோம். சூலியா தெருவுக்கு அருகில் ஒரு குடும்பம். கணவர் நாசி கண்டார் கடையில் வேலை. மனைவிக்கு முப்பத்தைந்து வயது, பிள்ளைகள் மூவர். ஸுப்ஹு தொழுகைக்கு எழுந்தால் அவருடைய விரல்கள் மடங்குவதில்லை. ஒளுச் செய்யக் குழாயைத் திருக முடியவில்லை. அத்தஹிய்யாத்தில் அமர்ந்தால் எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு மேல் கை சற்று இளகுகிறது. "என்ன லாத்தா, இதற்குள் கிழவியாகி விட்டாயா?" என்று தங்கை கேலி செய்கிறார். "நாங்களெல்லாம் எட்டுப் பிள்ளை பெற்று, அம்மியில் அரைத்துப் போட்டோம்" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுப் பெண்மணி பாசார் மாலாமில் வாங்கிய மூட்டுவலிப் பொடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். மூன்றே நாளில் வலி பறந்துவிடுகிறது. எல்லோரும் அல்ஹம்து லில்லாஹ் என்கிறார்கள். இரண்டு மாதத்தில் முகம் உருண்டையாக ஊதுகிறது. பொடியை நிறுத்தினால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அவர் மூட்டுநோய் நிபுணரிடம் போய்ச் சேருகிறார். அதற்குள் இரண்டு விரல்கள் கோணிவிட்டன; அவை இனி நிமிரா.

இஃது உதாரணமே. ஆயினும் வாசிக்கும் சகோதரிகளிற் சிலர் இதில் தம்மையோ, தம் உம்மாவையோ, மச்சியையோ கண்டிருப்பார்கள். அந்த ஒன்றரை வருஷத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இவ்வியாதி யாது?

அல்லாஹுத் தஆலா நம் தேகத்தினுள் ஒரு காவலை அமைத்திருக்கிறான். கிருமிகள் நுழைந்தால் அவற்றை அடையாளங் கண்டு அழிப்பது அதன் வேலை. கடற்கரைத் தெருக் கிடங்குகளில் இரவில் நிற்கும் ஜாகாவைப் போன்றது அது. அந்த ஜாகா ஒரு நாள் புத்தி மாறி, முதலாளியையே திருடன் என்று எண்ணித் தடியை ஓங்கினால் என்னாகும்? அதுதான் இந்நோய். தேகத்தின் எதிர்ப்புச் சக்தி தேகத்தின் மீதே பாய்கிறது. தமிழில் இதனைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறார்கள்.

உடம்பு தன்னைத் தானே தாக்குவது நடவாத காரியம் என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய விஞ்ஞானிகளும் எண்ணியிருந்தனர். ஜெர்மனியின் பால் எர்லிக் அவ்வாறு கருதியவர்களில் முதன்மையானவர். 1956-ஆம் ஆண்டில்தான் அக்கருத்து மாறியது. லண்டனில் ராய்ட், டோனியாக் முதலிய மருத்துவர்கள், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கும் ஒரு நோயில் நோயாளியின் ரத்தமே அச்சுரப்பிக்கு விரோதமாக வேலை செய்வதைக் கண்டார்கள். அமெரிக்காவில் ரோஸ், விட்டெப்ஸ்கி என்ற இருவர் முயல்களை வைத்து அதே உண்மையை அவ்வாண்டே நிரூபித்தார்கள்.

இந்த வகுப்பில் பல நோய்கள் உள. மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். தைராய்டைத் தாக்கினால் தைராய்டு நோய். கண்ணீரையும் உமிழ்நீரையும் வற்றச் செய்வது ஷோக்ரன் நோய். தசையைத் தாக்குவது மயோசைட்டிஸ். சென்னையிற் பிறந்த நடிகை சமந்தா தமக்கு இந்நோய் இருப்பதை 2022 அக்டோபரில் தாமே வெளியிட்டபோதுதான் தமிழர் பலர் அப்பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டனர். தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம், மூளை என்று பலவற்றையும் தாக்கக்கூடியது லூபஸ். லூபஸ் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று பங்கு அதிகம். நம் நாட்டில் கோலாலம்பூரில் 539 லூபஸ் நோயாளிகளைப் பற்றிச் செய்து 1997-இல் வெளியான ஆராய்ச்சியில், இந்நோய் சீனர்களிடம் அதிகமாகவும் மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரிடமும் இருப்பதாகவும் கண்டார்கள். ஆகவே இது வெள்ளைக்காரர் வியாதி, நமக்கில்லை என்று எவரும் இருந்துவிட முடியாது.

இவை தொற்று நோய்கள் அல்ல. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயிற் படுப்பதாலோ, பிள்ளைக்குப் பால் கொடுப்பதாலோ பிறருக்கு ஒட்டிக் கொள்வதில்லை. இதை மனத்திற் பதிய வைத்துக் கொள்ளுங்கள்.

ஏன் சீக்கிரம் கண்டறிய வேண்டும்?

1955-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, லூபஸ் என்று கண்டறியப்பட்டவர்களில் நான்கு வருஷங்களுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேரே. இன்றோ நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்து வருஷங் கழிந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள். இந்த மாற்றம் மருந்தினால் மாத்திரம் வந்ததன்று; காலத்தோடு கண்டறிவதாலும் வந்தது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலியே இராது. சிறுநீரில் புரதம் இறங்கிக் கொண்டிருக்கும், நோயாளிக்குத் தெரியாது. கால் வீங்கிச் சிறுநீர் நுரைக்கும்போது கேடு பெரிதாகியிருக்கும். ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை அதை முன்கூட்டியே காட்டிவிடும்.

முடக்குவாதத்திலும் இப்படியே. முதற்சில மாதங்களில் தகுந்த மருந்தை ஆரம்பித்தவர்களுக்கு மூட்டுகள் பெரும்பாலும் காப்பாற்றப்படுகின்றன. எலும்பு அரிக்கப்பட்ட பிறகு மருந்து கொடுத்தால் மேலும் அரிக்காமல் தடுக்கலாம். அரித்ததைத் திருப்பித் தர இயலாது.

கண்டறிவது ஏன் கடினம்?

ஒரே நோய் ஒருவருக்கு மூட்டிலும், மற்றொருவருக்குத் தோலிலும், வேறொருவருக்கு ரத்தத்திலும் தலைகாட்டுகிறது. அறிகுறிகள் ஒன்றாகவும் வருவதில்லை. இவ்வருஷம் வாய்ப்புண், அடுத்த வருஷம் மூட்டுவலி, அதற்கடுத்த வருஷம் காய்ச்சல். நோயாளி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிளினிக்குக்குப் போகிறார். வாய்ப்புண்ணைப் பார்த்தவருக்கு மூட்டுவலி தெரியாது. மூட்டைப் பார்த்தவருக்குக் காய்ச்சல் தெரியாது. மாலையின் மணிகள் சிதறிக் கிடக்கின்றன. கோப்பதற்கு ஒருவரும் இல்லை.

மேலும் நம் ஊரில் வேறு பல நோய்கள் இதன் வேஷத்தைப் போட்டுக் கொண்டு வரும். டெங்கியில் காய்ச்சலும் தடிப்பும் வரும், ரத்தத் தட்டணுக்கள் குறையும், லூபஸிலும் அப்படியே. சிக்குன்குனியா போன பிறகும் மூட்டுவலி மாதக் கணக்கில் நிற்கும். காசநோய் மெலிவையும் காய்ச்சலையும் தரும். ரத்த சோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை வியாதி, மனச்சோர்வு ஆகியவையும் தீராத அசதியைத் தரும். ஆகவே அசதியும் வலியும் உள்ளவர்கள் எல்லோருக்கும் தன்னுடல் தாக்குநோய் என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலோருக்கு வேறு காரணமே இருக்கும். சந்தேகப்படுவது வேறு, முடிவு கட்டுவது வேறு.

நோய்களைப் பிரித்தறியும் இக்கலையில் நம் முன்னோர் சாமானியர்கள் அல்லர். ரய் நகரத்து அபூபக்ர் முஹம்மது அல்-ராஸி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பெரியம்மையையும் சின்னமுத்து என்னும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்துக் காட்டி நூல் எழுதினார். இரண்டிலும் காய்ச்சல், இரண்டிலும் தடிப்பு. நோயாளியின் அருகில் இருந்து, ஒவ்வொரு நாளின் மாறுதலையும் கவனித்துக் குறித்ததினாலேயே அவரால் அது முடிந்தது. அந்தக் குறிப்பெழுதும் வழக்கம்தான் இன்றைக்கும் இந்நோய்களைக் கண்டறிய முதற்கருவியாக நிற்கிறது.

எந்த அறிகுறிகளைக் கண்டால் விசாரிக்க வேண்டும்?

கைவிரல், மணிக்கட்டு முதலிய சிறு மூட்டுகள் இரு பக்கமும் வீங்கி ஆறு வாரங்களுக்கு மேல் நிற்பது. காலையில் எழுந்தபின் அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருப்பது. மூக்கின் இரு புறமும் கன்னங்களில் வண்ணத்துப் பூச்சியின் சிறகுபோல் சிவப்புப் படர்வது. வெயில் பட்டால் தடிப்பது. வலியில்லாத வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருவது. தலைமயிர் கொத்தாக உதிர்வது. காரணம் தெரியாத காய்ச்சல். குளிர்சாதன அறையிலோ ஐஸ் தொட்டாலோ விரல்கள் வெளுத்து நீலம் பாய்வது. கண்ணும் வாயும் வறண்டு போவது. ஸுஜூதிலிருந்து எழவும், கையைத் தூக்கித் தக்பீர் கட்டவும் தசையில் பலமில்லாமற் போவது. பெண்களுக்குக் கர்ப்பம் பலமுறை சிதைவது.

இவற்றில் ஒன்று இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலும், ஒன்றே வாரக்கணக்கில் நின்றாலும் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, திடீரென்று புத்தி தடுமாறுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பார்வை மங்குவது, காலும் முகமும் வீங்கிச் சிறுநீர் குறைவது ஆகியவை கண்டால், தேதி வாங்கிக் காத்திராமல் அப்பொழுதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

நம்மவர் பலரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் நோயின் பெயர் அச்சடித்து வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்நோய்களில் அப்படியன்று.

ஏ.என்.ஏ. என்றொரு பரிசோதனை உண்டு. உடலணுக்களின் மையக் கருவுக்கு விரோதமான பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. லூபஸ் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அது இருப்பதாகக் காட்டும். ஆகவே அது இல்லையென்று வந்தால் லூபஸ் இருப்பது அபூர்வம். ஆனால் அது இருக்கிறது என்று வந்தால் லூபஸ் உண்டு என்று பொருளாகாது. 1997-இல் பல தேசத்து ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைச் சோதித்தன. ரத்தநீரை 40 பங்காகக் கரைத்துப் பார்த்தபோது 100 பேரில் சுமார் 32 பேருக்கும், 80 பங்காகக் கரைத்தபோது 13 பேருக்கும், 160 பங்கில் 5 பேருக்கும், 320 பங்கில் 3 பேருக்கும் இது காணப்பட்டது. அவர்கள் நோயாளிகள் அல்லர். ஆகவே தாளில் பாசிட்டிவ் என்ற சொல்லைக் கண்டதும் அழுது புலம்புவதும், கைத்தொலைபேசியில் தேடி இரவெல்லாம் விழித்திருப்பதும் தேவையற்றவை. எத்தனை பங்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். அதனோடு அறிகுறி என்ன சேர்ந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

அந்த ஆராய்ச்சியை நடத்தியவர்களில் முதல்வரான டாக்டர் எங் மெங் தான் நம் மலாயா மண்ணிற் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. அவர் 1966-இல் தம் ஆசிரியர் குங்கெலுடன் சேர்ந்து லூபஸுக்கே பெரிதும் உரிய ஓர் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார். ஸ்மித் என்ற குடும்பப் பெயர் கொண்ட நோயாளியின் ரத்தத்தில் கண்டதால் அதற்கு எஸ்.எம். என்றே பெயர் வந்தது. 1982-இல் லூபஸை வகைப்படுத்த 11 அடையாளங்களைக் கொண்ட பட்டியல் வெளிவந்தபோது அதற்கும் அவரே முன்னின்றார். பதினொன்றில் நான்காவது இருக்க வேண்டும் என்பது அப்பட்டியலின் விதி. 2019-இல் வந்த புதிய முறையில் ஏ.என்.ஏ. ஒரு முறையேனும் 80 பங்கில் காணப்பட்டிருக்க வேண்டும். அதன் பின் ஒவ்வோர் அடையாளத்துக்கும் புள்ளிகள் கூட்டப்படுகின்றன. இந்தப் பட்டியல்கள் முக்கியமாக ஆராய்ச்சிக்கென ஏற்பட்டவை. நோயாளியின் எதிரில் அமர்ந்து முடிவு செய்வது டாக்டரின் கண்ணும் கையும் அனுபவமுமே.

முடக்குவாதத்திலும் இவ்வாறே. அதற்குரிய ருமட்டாய்டு காரணி முதியவர்களிடமும், வேறு தொற்று நோய் உள்ளவர்களிடமும் காணப்படலாம். நோய் உள்ளவர்களிற் சிலரிடம் காணப்படாமலும் போகலாம். ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இன்னும் துல்லியமானது, அதுவும் முழுமையன்று. ஆகவே டாக்டர் ரத்த அணுக்கள், சிறுநீர், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, வீக்கத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவற்றையும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே, ஸ்கேன் முதலியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார். சில சமயம் சிறுநீரகத்திலிருந்தோ தோலிலிருந்தோ மிகச் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்த பின்பும், "இன்ன நோய் என்று இப்போது சொல்ல முடியவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் கூறக்கூடும். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தமன்று. நோய் இன்னும் முழு உருவம் எடுக்கவில்லை என்பதே அர்த்தம். சிலருக்கு அது ஒருபோதும் முழு உருவம் எடுக்காமலே அடங்கிவிடுவதும் உண்டு. பெயர் வைக்காமலே அறிகுறிக்குத் தக்க மருந்து கொடுக்கவும் முடியும். இந்த இடத்தில்தான் நம்மவர் பொறுமை இழந்து, கிளினிக் மாறி, ஊர் மாறி, கடைசியில் மூட்டுவலிப் பொடியில் போய் விழுகிறார்கள்.

பொடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மேலே சொன்ன உதாரணத்தில் மூன்று நாளில் வலி பறந்தது எப்படி? இரகசியமாக ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தால் அவ்வாறு நடக்கும். 1948-இல் அமெரிக்காவில் டாக்டர் பிலிப் ஹென்ச் முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்மணிக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அதற்காக 1950-இல் ஹென்ச்சுக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்தவையே ஸ்டீராய்டுகள். டாக்டர் அளந்து கொடுத்தால் அவை உயிர் காக்கும். அளவு தெரியாமல் உண்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கிருமிகள் எளிதில் பற்றும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். இதனினும் கொடியது, அவை நோயின் அறிகுறிகளை மூடி மறைத்து டாக்டரையும் ஏமாற்றிவிடும். ஜாமு என்றும் மூலிகை என்றும் விற்கப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டுகள் கலந்திருந்ததை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். அவை இல்லாததை வாங்காதீர்கள். ஏற்கனவே உண்டிருந்தால் வெட்கப்படாமல் அந்தப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

மார்க்கம் என்ன கூறுகிறது?

நோயைக் கொடுத்தவனே அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பதும், மருத்துவம் செய்து கொள்ள வேண்டும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தவை. ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் நேரில் சென்று நலம் விசாரித்து, தகீஃப் கூட்டத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் செல்லுமாறு பணித்ததாக ஹதீஸில் வருகிறது. துஆச் செய்யத் தெரியாதவர்களா அவர்கள்? துஆவும் வேண்டும், அறிந்தவரிடம் செல்வதும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. அல்லாஹ்வின் கலாமில் ஆறுதல் உண்டு. ஆனால் கண்ணேறு என்றும் ஜின் என்றும் சொல்லிக் கொண்டு ஒரு பெண்ணை ஆறு மாதம் வீட்டில் வைத்திருந்து, அவளுடைய சிறுநீரகம் கெட்டுப்போக விடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட வேண்டும் என்ற போதனையை நாம் மறந்துவிட வேண்டாம்.

நோயாளிக்கு ரமலான் நோன்பில் சலுகை உண்டென்பது குர்ஆனிலேயே உள்ள சட்டம். இந்நோய்களுக்கு மருந்து உண்போர் ரமலானுக்கு முன்பே டாக்டரைக் கண்டு, மருந்தின் வேளையை மாற்ற முடியுமா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். நோன்பு பிடிக்கலாகாது என்றால் கழா, பித்யா பற்றிப் பள்ளி இமாமிடம் விசாரித்துக் கொள்ள வேண்டும். நோன்புக்காக மருந்தைத் தாமே குறைப்பது தவறு. பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால் நிர்ப்பந்தம் கருதி ஆண் டாக்டரிடம், துணையுடன் சென்று காட்டுவதற்கு மார்க்கம் இடந்தருகிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில் வலி, எவ்வளவு நேரம் விறைப்பு, காய்ச்சல் எத்தனை டிகிரி, என்ன மருந்து உண்டோம் என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். தடிப்பும் வீக்கமும் டாக்டரைக் காணும் நாளில் மறைந்துவிடும். ஆகவே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது முடக்குவாதம், தைராய்டு, லூபஸ் இருந்ததா என்றும் எழுதுங்கள். சிதைந்த கர்ப்பங்களையும் மறைக்காமல் குறியுங்கள்.

இரண்டாவது, எல்லாப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே உறையில், தேதி வரிசையில் வையுங்கள். தமிழ்நாட்டிலுள்ள ஊருக்குப் போனபோது செய்ததும் அதில் இருக்கட்டும்.

மூன்றாவது, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கோ, உங்களை அறிந்த ஒரே குடும்ப டாக்டரிடமோ போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். பணமில்லை என்பது தடையன்று. நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, "இது மூட்டுநோய் நிபுணர் பார்க்க வேண்டியதா?" என்று நேராகக் கேளுங்கள். தேவையென்றால் அவர் சூராட் ருஜுக்கான் தருவார். ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்குப் பொது மருத்துவமனையில் மூட்டுநோய் நிபுணர்கள் இருக்கிறார்கள். தேதி தள்ளிக் கிடைத்தால் சலித்து விட்டுவிடாதீர்கள். இடையில் நோய் மிகுந்தால் அனுப்பிய டாக்டரிடமே திரும்பச் சென்று சொல்லுங்கள். தேதியை முன்னுக்குக் கொண்டுவர அவரால் முயல முடியும்.

நான்காவது, பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். உம்மாவின் பெண்மை சம்பந்தமான விஷயங்களைப் பள்ளிக்கூடம் போகும் மகனை வைத்து மலாயில் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அவனும் கூசுவான், அவரும் மறைப்பார். டாக்டருக்கு உண்மை போய்ச் சேராது.

ஐந்தாவது, மருந்து தொடங்கினால் ஒழுங்காக உண்ணுங்கள். லூபஸுக்குப் பெரும்பாலோருக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸி குளோரோகுயின், மலேரியாக் காய்ச்சலுக்கென்று ஏற்பட்ட மருந்துகளில் ஒன்று. அதை உண்போர் டாக்டர் சொல்லும் காலத்தில் கண்ணைச் சோதித்துக் கொள்ள வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உண்பது. தினமும் உண்டால் விஷம். கர்ப்பிணிகள் அதை உண்ணலாகாது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மணமாகாத பெண்ணுக்கு இந்நோய் வந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பயந்து, பெற்றோர் அதை மறைக்கிறார்கள். அவர்களுடைய துயரம் நமக்குத் தெரியாததன்று. ஆனால் நிக்காஹ் ஆனபின் அவள் கணவன் வீட்டில் ஒளித்து ஒளித்து மருந்து உண்ண வேண்டும்; பிறகு அதையும் விட்டுவிடுவாள். நோய் அடங்காத நேரத்தில் கர்ப்பமானால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. நோய் அடங்கியிருக்கும் காலம் பார்த்து, தகுந்த மருந்துக்கு மாறி, டாக்டரின் ஆலோசனையோடு கர்ப்பந் தரித்தவர்கள் பலர் நலமாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆகவே உண்மையைச் சொல்லியே சம்பந்தம் பேசுங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அதைக் கேட்டு ஓடிவிடாமல், டாக்டரிடம் விசாரித்து முடிவு செய்யுங்கள். நாளைக்கு நம் வீட்டுப் பெண்ணுக்கும் வரலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணவர்மாரே, மாமிமாரே! காலையில் அவரால் குழாயைத் திருக முடியவில்லை என்றால் சோம்பல் என்று சொல்லாதீர்கள். மாலையில் அவர் சிரித்துப் பேசுவதைக் கண்டு, காலையில் நடித்தார் என்றும் நினைக்காதீர்கள். காலையில் இறுகி மாலையில் இளகுவதே இந்நோயின் குணம். நோயைக் காட்டிலும், தன்னை ஒருவரும் நம்பவில்லையே என்ற எண்ணமே நோயாளியை முதலில் சாய்த்துவிடுகிறது. நோயாளியை நலம் விசாரிப்பது நம் மீதுள்ள ஹக்கு. அது பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போவதோடு முடிவதன்று. "உனக்கு முடியவில்லை என்கிறாய், வா, டாக்டரிடம் போவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்வதும் அதில் அடக்கமே.

அல்லாஹுத் தஆலா நம்மில் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், வைத்தியர்களுக்கு நல்ல தெளிவையும், நம் அனைவருக்கும் பொறுமையையும் இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.